கழற்றாத பூட்ஸ்

பதினோராம் அத்தியாயம்

பஸ்ராவிலிருந்து பட்டாளம் திரும்புகிறது என்ற செய்தி நாவலேரிக்கு வந்து எட்டு நாளாகிறது. அந்த எட்டு நாளும் எல்லம்மா தரையில் கால் பாவாமல் திரிந்ததையும், தோல் ஷாப்பில் ஒரு கூடை ஆவாரம்பட்டையைத் தவறான குழியில் கொட்டி முதலாளி ஆபித் பாஷாவிடம் திட்டு வாங்கியதையும் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எல்லம்மாவின் புருஷன் கோவிந்தசாமி மூன்றரை வருஷத்துக்கு முன்னால், பாலம் கட்டுகிற பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினவன். அடுத்த வீட்டு ஆரோக்கியசாமியும் அவனோடு போனான். நாவலேரிச் சேரியிலிருந்து போனது அந்த இரண்டு பேர். விஷக்காய்ச்சல் வந்து வீட்டுக்கு ஒருவராக வாரிக்கொண்டு போன வருஷம் இது. அப்படிப்பட்ட வருஷத்தில், போன இரண்டு பேரும் உயிரோடு திரும்புகிறார்கள்.

அந்த நாள் வந்துவிட்டது. பங்குனி மாதத்துச் சனிக்கிழமை, பகல் பதினோரு மணி ரயில்.

எல்லம்மா கோழி கூவும் முன்பே எழுந்து வாசல் தெளித்துவிட்டாள். ஆரோக்கியசாமியின் பெண்டாட்டி சவுரியம்மாளிடம் பித்தளைத் தாம்பாளம் இரவல் வாங்கினாள். மஞ்சள் அரைத்து, வேப்பிலை உருவி, குடத்தில் தண்ணீர் எடுத்து வைத்தாள். வெகுதூரம் போய்த் திரும்புகிற ஆம்பிளையை வாசலில் நிறுத்தி, கட்டினவள் தன் கையால் கால் கழுவித்தான் உள்ளே விட வேண்டும் என்பது சேரி வழக்கம். போன ஊரின் தூசி வாசலைத் தாண்டக்கூடாதாம். கோலார் தங்கவயலுக்குப் போய் வந்தவனுக்கே மூன்று செம்பு தண்ணீர் என்றால், கடல் தாண்டினவனுக்கு எத்தனை செம்பு என்று பெண்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஒரு குடமாகவே ஊற்றிவிடுவது என்று சிரிப்போடு முடிவாயிற்று.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே காசிநாதன் வந்தான். கோவிந்தசாமியின் அண்ணன். ஊர்த் திருவிழா, சாவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் தப்பட்டை அடிக்கிறவன். தம்பி வருகிற நாளில் அவன் முகம் செத்துக் கிடந்தது.

தலையாரி பஞ்சாட்சரம் வழியில் பிடித்துச் சொல்லியனுப்பிய சேதியை அவன் இழுத்து இழுத்துச் சொன்னான். பட்டாளத்துக்காரர்களை மரியாதையாக வரவேற்க வேண்டும் என்று தாசில்தார் கச்சேரியிலிருந்து கடுதாசி வந்திருக்கிறதாம். மணியக்காரர் கோதண்டபாணி தானே வந்து மாலை மரியாதை செய்வாராம். ஆனால் ஊர் எல்லையில் இருக்கிற எல்லையம்மன் கல்லுக்கு இந்தப் பக்கம் பூட்ஸ் கால் வரக்கூடாது. வண்டியில் உட்கார்ந்துகொண்டும் வரக்கூடாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஊர்க்காரர்கள் இருக்கிற தேரடித் தெருவைக் கடந்து சேரிக்குப் போக வேண்டும். எப்போதும் உள்ள வழக்கம்தான், புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்றாராம்.

வழக்கம்தான். அந்தப் பூட்ஸின் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்தவர்களும், மயிர் களைந்தவர்களும், பட்டைத் தண்ணீரில் நின்று புரட்டியவர்களும் இந்தச் சேரிக்காரர்கள். நாலு வருஷ யுத்தத்தில் இந்தப் பக்கத்துத் தோல் எத்தனை லட்சம் சிப்பாய்களின் காலில் ஏறியதோ தெரியாது. அதைப் பதப்படுத்தினவன் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போகக்கூடாது. இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். கோதண்டபாணியைக் கேட்டிருந்தாலும் அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

காசிநாதனுக்கு இது வெறும் சேதி இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தன்று புதுச் செருப்பைக் கழற்ற மறந்து தேரடித் தெருவில் நாலு அடி வைத்துவிட்டான். பொழுது சாயும்வரை புளியமரத்தில் கட்டி வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவன் தப்பட்டை கூடத் தணிந்தே பேசும்.

எல்லம்மாவின் பயம் வேறு. பஸ்ரா போன முதல் வருஷம் கோவிந்தசாமி பட்டாளத்து ரைட்டரை வைத்து ஒரு கடிதம் எழுதியிருந்தான். வேதக்கோயில் உபதேசியார் சேரி முழுவதையும் உட்காரவைத்து அதைப் படித்துக் காட்டினார். ‘நான் பூட்ஸ் காலோடு தேரடித் தெருவில் நடந்து உன் வாசலுக்கு வருவேன்’ என்று அதில் இருந்தது. அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். எல்லம்மாவும் சிரித்தாள். இன்று அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னால் செய்கிறவன். செய்தால் அடி விழும். மூன்றரை வருஷம் துப்பாக்கிக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வருகிறவனை வீட்டுக்கு நூறு அடி தூரத்தில் அடித்துப் போடுவார்கள் என்றால் அவள் எந்தச் சாமியிடம் போய் அழுவாள்?

"பெரியவரே, ஆத்து மணல் வழியா கூட்டினு வந்துட்டா இன்னா? தெருவே வேணாம்," என்றாள் காசிநாதனிடம்.

பாலாற்று மணலில் இறங்கி ஏறினால் ஊரைத் தொடாமல் சேரிக்கு வந்துவிடலாம். அரை மைல் கூடுதல். சேரிக்காரர்கள் அவசரமில்லாத நாளில் அப்படித்தான் போவார்கள். காசிநாதனுக்கு உயிர் வந்தது. அதையே செய்துவிடலாம், தம்பியிடம் தானே பேசிச் சம்மதிக்க வைப்பதாகச் சொன்னான்.

ஆம்பூர் ஸ்டேஷனில் சேரியே திரண்டு நின்றது. ஆபித் பாஷா ஷாப்புக்கு அரை நாள் லீவு விட்டதோடு ரோஜா மாலை இரண்டும் அனுப்பியிருந்தார். ரயில் வந்து நின்றதும் ஆரோக்கியசாமி முதலில் குதித்தான். சவுரியம்மாள் கூட்டத்தைப் பார்க்காமல் போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, திரும்பி இரண்டு மூட்டைகளையும் தானே இறக்கினான். பிறகுதான் கோவிந்தசாமி வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கினான்.

கறுத்து, வற்றிப்போயிருந்தான். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. ஆனால் அவன்தான். எல்லம்மா எட்டு நாளாக என்னென்னவோ சொல்லத் தயார் செய்து வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. அவள் காலைக் கட்டிக்கொண்டு மூன்று வயது மகள் ராஜம்மாள் நின்றாள். அப்பனை இதுவரை பார்த்திராத பிள்ளை. கோவிந்தசாமி பிள்ளையைப் பார்த்தான். அப்புறம் எல்லம்மாவைப் பார்த்தான்.

"இளைச்சிப் போய்ட்டியே மே," என்றான்.

"நீ மட்டும் இன்னா," என்றாள் அவள். அவ்வளவுதான் பேச முடிந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்கு உலகத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

குறை அடுத்த நிமிஷமே வந்தது. காசிநாதன் தம்பியை ஓரமாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொல்லி, ஆற்று வழியாகப் போய்விடலாம் என்றான். கோவிந்தசாமி மறுத்துத் தலையை ஆட்டினான்.

"மணல்ல வேணாம்ணே. ரோட்டுலயே போலாம்."

காசிநாதன் கெஞ்சினான். புளியமரத்தை ஞாபகப்படுத்தினான். அப்படியென்றால் கல்லுக்கிட்டே பூட்ஸைக் கழற்றிவிடு, ஒரு தெருதானே என்றான். கோவிந்தசாமி அதற்கும் மாட்டேன் என்றான். ஆரோக்கியசாமி நடுவே வந்து, வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது, ரோட்டில் என்றால் மர நிழல் உண்டு என்று ஏதோ சொன்னான். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லம்மாவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வந்ததும் வராததுமாக வீம்பு. கைதட்டல் வாங்கிய கடிதத்துக்காக இந்த மனுஷன் மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறான். பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் இருந்தால் இப்படிச் செய்வானா? அவள் பெண்களோடு பின்னால் நடந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் போகிற அந்தப் பூட்ஸ்களை முறைத்துக்கொண்டே நடந்தாள்.

முறைத்துக்கொண்டு போனது நல்லதாயிற்று.

எல்லம்மா தோல் ஷாப்பில் பட்டை சுமக்கிறவள் மட்டும் இல்லை. உலர்ந்த தோலைத் தரம் பிரிக்கும்போது ஆபித் பாஷா அவளைத்தான் கூப்பிடுவார். கழுத்துப் பக்கத்தைத் தடவிப் பார்த்தே, அந்த மாடு ஏரில் வலது பக்கம் கட்டியதா, இடது பக்கம் கட்டியதா என்று சொல்லிவிடுவாள். எங்கே மடங்கியது, எங்கே உரசியது என்பதெல்லாம் தோலில் எழுதியிருக்கும், அதைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்பாள்.

கோவிந்தசாமியின் வலது பூட்ஸில் விரல் மடங்குகிற இடத்தில் குறுக்கே ஆழமாக நாலைந்து சுருக்கம் விழுந்திருந்தது. நடந்து பழகிய எந்தப் பூட்ஸிலும் விழுவதுதான். இடது பூட்ஸில் அந்த இடம் வழவழவென்று புதுசாக இருந்தது. குதிகால் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது. ஒரே நாளில் வாங்கி, ஒரே ஆள் போட்டு நடந்த ஜோடி. ஒன்று மடங்கியிருக்கிறது, இன்னொன்று மடங்கவேயில்லை. மடங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

எல்லம்மாவுக்கு ரயில் படியில் அவன் கம்பியைப் பிடித்து இறங்கியது, ஆரோக்கியசாமி இரண்டு மூட்டையையும் தூக்கியது, மணல் வேண்டாம் என்றது எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. பிள்ளையைச் சவுரியம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஆண்களுக்கு நடுவே புகுந்து புருஷன் பக்கத்தில் போய் நடந்தாள். பெண்கள் பின்னால் முணுமுணுத்தார்கள்.

"எத்தினி?" என்று கேட்டாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லப் பார்த்து, பிறகு விட்டுவிட்டான்.

"அஞ்சும்," என்றான்.

பாலத்துக்கு இரும்பு இறக்கும்போது சரிந்து இடது கால் விரல்களின்மேல் விழுந்ததாம். போன வருஷம் மார்கழியில். ஆரோக்கியசாமிதான் மூன்று மைல் முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் சேர்த்தான். பூட்ஸுக்குள் முன்பக்கம் கட்டையும் பஞ்சும் வைத்து இறுக்கிக் கட்டினால் நடக்க முடிகிறது, மணலில் குதி புதைந்தால் முடியாது, வெறுங்காலில் நாலு அடி கூட முடியாது. எழுதியிருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, கடுதாசியை ஊரே கூடி உட்கார்ந்து படிப்பீர்களே, எப்படி எழுதுவேன் என்றான்.

"கழட்டுனா உழுந்துருவேன் எல்லம்மா. அவங்க முன்னாடி அந்தத் தெருவுல உழ மாட்டேன். அடிச்சிப் போட்டாலும் சரி."

அவளுடைய கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அழுகை முட்டியது. அழ நேரமில்லை. எல்லையம்மன் கல் எதிரே தெரிந்தது.

கல்லுக்கு அந்தப் பக்கம் மணியக்காரர் கோதண்டபாணி குடை பிடித்து நின்றார். பின்னால் தலையாரி பஞ்சாட்சரமும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும். கோதண்டபாணி கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். தாசில்தாருக்கும் பயப்பட வேண்டும், தெருக்காரர்களுக்கும் பயப்பட வேண்டும் என்று நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். மாலை மரியாதை செய்வார் என்றார்களே, அதைச் செய்தார். இரண்டு சாமந்தி மாலையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று, எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"இன்னாடா கோவிந்தசாமி, சவுக்கியமா?"

"சவுக்கியம் சார்," என்றான் கோவிந்தசாமி.

ஆண்டே என்று சொல்ல வேண்டிய இடத்தில் பட்டாளத்து சார். கூட்டத்தில் எல்லாருக்கும் அது கேட்டது. கோதண்டபாணியின் முகம் சுண்டியது. சரி, பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள், வெயில் ஏறுகிறது என்றார்.

ஆரோக்கியசாமி குனிந்து தன் பூட்ஸ் கயிற்றில் கை வைத்தான். கோவிந்தசாமி அசையாமல் நின்றான். ஊர்க்காரர்களில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். காசிநாதன் கையிலிருந்த தப்பட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

எல்லம்மா முன்னால் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கழட்டக் கூடாதுங்க ஆண்டே. நேந்துக்கினு இருக்கேன்."

கோதண்டபாணி புரியாமல் பார்த்தார். எல்லம்மாவின் வாய் தானாகவே ஓடியது. கடல் தாண்டிப் போன புருஷன் உயிரோடு வந்தால், அவன் காலில் இருக்கிறது அவள் வாசலுக்கு வந்துதான் கழல வேண்டும், அவள் கையால்தான் கழற்றிக் கால் கழுவ வேண்டும், நடுவில் வேறு எங்கேயும் அவன் பாதம் மண்ணில் படக்கூடாது என்று இந்த எல்லையம்மனிடம் வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். அப்படி ஒரு வேண்டுதல் அவள் செய்யவே இல்லை. அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு நினைப்புகூட இல்லை.

சவுரியம்மாள் இலேசுப்பட்டவளா? பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, தானும் அதேபோல மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருப்பதாகவும், ரெண்டு மெழுகுவத்தி பாக்கி என்றும் ஒரு போடு போட்டாள். குனிந்த ஆரோக்கியசாமி நிமிர்ந்துவிட்டான்.

கோதண்டபாணி தாடையைத் தடவினார். எல்லையம்மன் ஊருக்கும் பொது, சேரிக்கும் பொது. அவளுக்குக் கோபம் வந்தால் இரண்டு பக்கமும்தான் அம்மை போடும். விஷக்காய்ச்சல் வந்துபோன சூடு இன்னும் ஆறவில்லை. வேண்டுதலை முறித்தார் என்ற பேச்சு தெருவில் வந்தால் அவருக்குத்தான் ஆபத்து. அதே சமயம் இவள் பேச்சை அப்படியே நம்பவும் மனம் வரவில்லை.

"வந்தா ஆத்தாளுக்கு இன்னா செய்றேன்னு வேண்டிக்கினே?" என்று கேட்டார்.

எல்லம்மா யோசிக்கவில்லை. ஊரில் எல்லாரும் எதை வேண்டுவார்களோ அதுவே வாயில் வந்தது.

"ஆடியில ரெண்டு பேரும் தீ மிதிக்கிறோம்னுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தீ மிதிப்பது வெறுங்காலில். ஊரும் சேரியும் ஒரே குழியில் இறங்குகிற ஒரே நாள். ஊரே சுற்றி நின்று பார்க்கும்.

கோதண்டபாணி பஞ்சாட்சரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் கல்லுக்கு முன்னால் ஒரு வில்லைக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினான்.

"அடிச்சி சத்தியம் பண்ணு. அப்புறம் நான் ஏன் தடுக்கறேன்."

கற்பூரம் எரிந்தது. பொய்ச் சத்தியம் செய்து கற்பூரத்தை அணைத்தவர்களின் கதி என்ன என்று எல்லம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கோவிந்தசாமி வேண்டாம் என்பதுபோல் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ‘ஆத்தா, இதுவரைக்கும் வேண்டிக்கல. இப்போ வேண்டிக்கிறேன். இந்த மனுசன் பூட்ஸ் காலோட என் வாசலுக்கு வரட்டும். சொன்னது சொன்னபடி ஆடியில ரெண்டு பேரும் எறங்குறோம். எப்படின்னு எனக்குத் தெரியாது, நீதான் பாத்துக்கணும்.’ அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த அரை நிமிஷத்துக்குப் பிறகு அது பொய் இல்லை.

உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். கற்பூரம் அணைந்தது.

கோதண்டபாணி குடையை மடக்கிக்கொண்டு வழியை விட்டார். ஆடி மாதம் தானே நின்று பார்ப்பதாக மட்டும் சொன்னார்.

தேரடித் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது அன்றுதான் முதல் தடவை. இரண்டு ஜோடி. ஒன்று சீராக, இன்னொன்று கொஞ்சம் தாங்கித் தாங்கி. இருபுறமும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். பாதித் தெரு போனதும் காசிநாதன் என்ன நினைத்தானோ, தப்பட்டையை மார்புக்கு ஏற்றிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான். எட்டு வருஷமாகத் தணிந்து கிடந்த கை. ஓட்டுக் கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பிப் பறந்தன. அவன் கண்ணில் தண்ணீர் ஒழுகியதை எல்லம்மா பார்த்தாள்.

கோடி வீட்டிலிருந்து ஜெயம்மாள் இறங்கி ஓடி வந்தாள். அவள் ஒரே மகன் பட்டாளத்தில் ரைட்டராகப் போனவன். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. தீட்டு, வழக்கம் எதுவும் அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை. கோவிந்தசாமியின் எதிரே வந்து நின்று, என் பிள்ளையைப் பார்த்தாயா அப்பா என்று கேட்டாள். கப்பல் ஏறும் இடத்தில் பத்து நாளைக்கு முன்னால் பார்த்ததாகவும், நல்லபடி இருப்பதாகவும், அடுத்த கப்பலில் அவன் பேர் இருப்பதாகவும் கோவிந்தசாமி சொன்னான். நிஜம்தான். ஜெயம்மாள் இரண்டு கையையும் எடுத்து அவனைக் கும்பிட்டாள். தெரு முழுவதும் அதைப் பார்த்தது.

சேரிக்குள் எல்லம்மாவின் வாசலில் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. கோவிந்தசாமியை உரலின்மேல் உட்காரவைத்தார்கள். எல்லம்மா தாம்பாளத்தை அவன் காலடியில் வைத்து உட்கார்ந்தாள். சுற்றிலும் ஐம்பது பேர். வாசலில் கழற்றியாக வேண்டும், சத்தியம் செய்தாகிவிட்டது. அவள் தயங்கி அவனை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டுமானால் எல்லாரையும் போகச் சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள்.

"கழட்டு," என்றான் கோவிந்தசாமி. "இவங்க நம்ம ஜனங்கதானே."

வலது பூட்ஸை முதலில் கழற்றினாள். பிறகு இடது. பஞ்சு விழுந்தது, கட்டை விழுந்தது. குலவை நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லம்மா பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். நினைத்ததைவிட மோசமாக இருந்தது, நினைத்ததைவிட ஆறியிருந்தது. அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். காசிநாதன் தப்பட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினான். மஞ்சள் தண்ணீரில் அவள் அதைத் தேய்த்துக் கழுவினாள். அழுதுகொண்டேதான் கழுவினாள், மறைக்கவில்லை. ராஜம்மாள் பக்கத்தில் வந்து குந்தி, தானும் ஒரு கை தண்ணீர் அள்ளி அப்பன் காலில் விட்டாள்.

தண்ணீர் தீர்ந்த பிறகு காசிநாதன்தான் கேட்டான்.

"அம்மாடி, தீமிதின்னு சொல்லிட்டியே. இந்தக் காலோட எப்படி?"

அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. எல்லம்மா முந்தானையால் அவன் காலைத் துடைத்தாள். சத்தியம் செய்தவள் அவள். அவனைக் காப்பாற்றத்தான் செய்தாள். ஆனால் மாட்டிக்கொண்டது அவன்.

கோவிந்தசாமி சிரித்தான். ரயிலிலிருந்து இறங்கிய பிறகு முதல் தடவையாகச் சிரித்தான்.

"ஆடிக்கு எத்தினி மாசம் இருக்குது?"

"நாலு," என்றாள்.

"குழி எத்தினி அடி?"

"ஒம்போது."

அவன் அவள் தோளைப் பிடித்து எழுந்து நின்றான். வெறுங்கால், ஈரத் தரை. சவுரியம்மாள் பதறினாள், ஆரோக்கியசாமி தாங்கிப் பிடிக்க ஓடி வந்தான். கோவிந்தசாமி அவனைத் தள்ளி நிற்கச் சொன்னான். இடது காலைத் தூக்கி, குதியை ஊன்றி, ஒரு அடி வைத்தான். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. இரண்டாவது அடியில் முகம் வேர்த்துவிட்டது.

அப்போது எல்லம்மா அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். தெருமுனையில் தலையாரி பஞ்சாட்சரம் நின்றான். தாசில்தார் கச்சேரிக் கடுதாசியில் இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்க வந்தவன் போலிருக்கிறது, கையில் காகிதம் இருந்தது. அவன் கண் காகிதத்தில் இல்லை, கோவிந்தசாமியின் காலில் இருந்தது. பார்த்து முடித்ததும், வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பி, மணியக்காரர் வீட்டுப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தான்.

காசிநாதனும் அவனைப் பார்த்துவிட்டான். கால்தான் காரணம் என்று மணியக்காரருக்குத் தெரிந்துவிடும், ஓடிப்போய்த் தடுக்கட்டுமா என்றான்.

"போவட்டும் பெரியவரே. போய் சொல்லட்டும்," என்றாள் எல்லம்மா. கோவிந்தசாமியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இன்னும் ஒரு அடி வை மாமா. நான் புடிச்சினு இருக்கேன்."

அவன் வைத்தான்.